தலைவர் இல்லாதவர்கள் தேதி குறிக்கிறார்கள்

பினாங்கில் நாங்கள் நடத்தும் இலவசச் சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் கிடையாது. சின்னச் சின்னக் குழுக்கள் சேர்ந்து வாரம் தவறாமல் சமைத்துப் போடுகிறோம். இதுவரை கைகலப்பு நடந்ததில்லை. இந்த ஒரே தகுதியை வைத்துத்தான் கோவில்பட்டி செல்வி என்னைக் கூப்பிட்டார். "எங்ககிட்ட மூணு குழு இருக்கு அண்ணாச்சி. மூணும் நல்ல குழுதான். ஆனா ஒரு நாளாவது ஒண்ணா ஒரு இடத்துல வந்து நின்னதில்ல. நீங்க வந்து ஒரு வழி சொல்லுங்க" என்றார். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் வரவேண்டியிருந்தது. சரி என்றேன். கோவில்பட்டிப் பக்கம் பரோட்டா நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டதும் ஒரு காரணம்.

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். யாருக்கும் உத்தரவு போடக் கூடாது, யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கக் கூடாது, வேண்டிய வேலையைக் கட்சியையும் அரசாங்கத்தையும் எதிர்பார்க்காமல் நாமே செய்துகொள்ள வேண்டும் என்கிறவர்கள். தமிழில் இதற்கு அராஜகவாதி என்று பேர். அந்தப் பேரைச் சொன்னால் பஸ்ஸுக்குக் கல்லெறிகிற ஆள் என்று நினைத்து வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். அதனால் 'தலைவரில்லாக் குழு' என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கோவில்பட்டியில் ஒன்று, ஓட்டப்பிடாரத்தில் ஒன்று, மணியாச்சியில் ரயில்பாதை வேலை பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே ஒன்று.

நான் போய் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பினாங்கில் தினமும் சாயங்காலம் குடையைத் தேடுகிறவன் நான். இங்கே ஐப்பசியிலும் வெயில் மண்டையைப் பிளந்தது. மழை எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரும். அதுக்கும் தலைவர் கிடையாது" என்றார் செல்வி. அவருக்கு மருந்துக்கடையில் வேலை. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் கை மாத்திரைப் பெட்டிக்குப் போய்விடும். பேச்சும் அதே வேகம்.

கடை அடைத்ததும் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குக் குழம்பைத் தனித் தட்டில் வைப்பார்கள், தொட்டுக்கொள்வது நம் இஷ்டம். இங்கே சப்ளையர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கேட்காமலேயே சால்னாவைக் குளமாக ஊற்றினார். சாப்பிடுகிறவனுடைய சம்மதம் என்று ஒன்று உண்டே என்றேன். "ஊறுனாத்தான் சார் நல்லாருக்கும்" என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே செல்வி போன வருஷத்துக் கதையைச் சொன்னார். ஓட்டப்பிடாரத்துக்கு வடக்கே ஒரு ஊரில் முத்துலட்சுமி என்று ஒரு சம்சாரி அக்கா, விவசாயம்தான் பிழைப்பு. அவருடைய உளுந்துக் காட்டை ஒட்டி ஓர் ஓடை. சோலார் கம்பெனி ஒன்று அந்த ஓடைக்குக் குறுக்கே மண் ரோடு போட்டு, தண்ணீர் போக அடியில் பைப்புகளைப் பதித்துவிட்டுப் போய்விட்டது. முதல் மழைக்கே பைப்பில் மண் அடைத்துக்கொண்டது. மனு கொடுத்தார்கள், பதில் இல்லை. நாமே தோண்டிவிடலாம் என்று மூன்று குழுக்களும் கிளம்பின.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஞாயிறு வசதி. மணியாச்சிக்காரர்களுக்குப் புதன். ஓட்டப்பிடாரத்துக்காரர்களுக்கு வெள்ளி. நம் வசதியை அடுத்தவர் மேல் திணிக்கக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகக் கூடிப் பேசி, மனமுவந்து விட்டுக்கொடுத்தது. கோவில்பட்டி மணியாச்சிக்காகப் புதன்கிழமை போனது. மணியாச்சி ஓட்டப்பிடாரத்துக்காக வெள்ளிக்கிழமை போனது. ஓட்டப்பிடாரம் கோவில்பட்டிக்காக ஞாயிற்றுக்கிழமை போனது.

"மாற்றிக்கொண்டதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒங்களுக்காக மாத்திக்கிட்டோம்னு எப்படி அண்ணாச்சி சொல்ல? சொல்லிக் காட்டுன மாதிரி ஆயிரும்லா."

நான் இன்னொரு பரோட்டா கேட்டேன். சண்டை போட்டுப் பிரிந்த குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரியாதை கூடிப்போய் மண்ணைக் கவ்விய குழுக்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை முத்துலட்சுமியைப் பார்க்க மினி பஸ்ஸில் போனோம். பாதி வழியில் பஸ் ரோட்டை விட்டு ஒரு வண்டிப் பாதையில் திரும்பியது. டிரைவருடைய மச்சினருக்கு உர மூட்டை இறக்க வேண்டுமாம். பினாங்கில் இப்படி நடந்தால் ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் இறங்கிப்போய் மூட்டைக்குக் கைகொடுத்தார்கள். யாரும் ஏவவில்லை. செல்வியைப் பார்த்தேன். "இதெல்லாம் நல்லாத்தான் நடக்குது. நாங்க குழுன்னு பேரு வச்சாத்தான் கெட்டுப்போகுது" என்றார்.

முத்துலட்சுமியின் காட்டில் உளுந்து நாலு இலை விட்டிருந்தது. புரட்டாசிக் கடைசியில் பெய்த ஒரு மழைக்கு முளைத்தது. கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்துவிட்டாலோ தண்ணீரை லேசில் உள்ளே விடாது, பயிர் நின்ற இடத்திலேயே அழுகும். ஓடையைப் போய்ப் பார்த்தேன். பைப்பு வாய் முழுக்கக் கறுப்பு மண்ணும் கருவேல முள்ளும் அப்பிக் கிடந்தன.

முத்துலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். வீட்டுக்காரர் மூட்டுவலிக்காரர், வாசலில் உட்கார்ந்தபடியே சிரித்தார். என்ன சொன்னார் என்று செல்வியைக் கேட்டேன். செல்வி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "இந்த மனுசனும் நல்லாப் பேசி, நல்லாச் சாப்பிட்டுட்டுப் போவாரு."

சுருக்கென்றிருந்தது, மறுக்கவும் முடியவில்லை. முத்துலட்சுமி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"போன வருசம் ஒரே வாரத்துல மூணு கூட்டம் வந்துச்சு அண்ணாச்சி. மூணு கூட்டத்துக்கும் நாந்தான் மோரு கரைச்சு ஊத்துனேன். ஒரு கூட்டம் வெட்டிப் போட்ட மண்ண அடுத்த கூட்டம் பைப்பு வாயிலயே தள்ளிட்டுப் போச்சு. உளுந்து பூராவும் அழுகிப் போச்சு. நல்ல பிள்ளைக, நான் குத்தம் சொல்லல. ஆனா இந்த வருசமும் அழுகிச்சுன்னா இந்த மூணு ஏக்கரையும் கம்பெனிக்காரனுக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து ஏன்னு கேக்கக் கூடாது."

கம்பெனியின் புரோக்கர் தினமும் போன் பண்ணுகிறாராம். சுற்றியுள்ள காடுகள் பலவற்றில் சோலார் பலகைகள் நிற்கின்றன. வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். முத்துலட்சுமிதான் பிடிகொடுக்காமல் இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் கையால் கோரைப்புல் பிடுங்கின காடு, கண்ணாடிப் பலகைக்கு விடுவதற்கா பிடுங்கினேன் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மணியாச்சி. ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து சிக்னலுக்காக நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எதிர் சீட்டு அம்மா சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பினாங்கில் சேவு கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்கும், இவ்வளவு காரம் இருக்காது என்றேன். "அப்ப அது சேவு இல்ல" என்றார்.

மணியாச்சிக் குழுக்காரர் மாரியப்பனைத் தண்டவாளத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் பார்த்தேன். ஐம்பது வயது, வெயிலில் வெந்த உடம்பு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள். போன வருஷம் வெள்ளிக்கிழமை போனதற்கு அவருடைய ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஓடையில் ஒருவரும் இல்லை. "கோவம் வரலையா" என்று கேட்டேன். "யாரு மேல படுறது? எல்லாரும் நல்லவியளா இருக்காவ" என்றார். மறுநாள் புதன்கிழமை மூன்று குழுக்களும் சேர்ந்து கூட்டம் போடலாம் என்றேன், வருகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு பஞ்சாயத்து. எந்தக் குழுவின் ஊரிலும் வைக்கக் கூடாது, வைத்தால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கை ஓங்கிவிடும். கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி என்று முடிவானது. ராஜா கோட்டை வாசலில் போய் ராஜா வேண்டாம் என்கிறவர்கள் கூட்டம் போட்டோம். கோட்டை பார்க்க வந்தவர்கள் எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் பினாங்கிலிருந்து கொண்டுபோன வித்தைகளை எடுத்து விட்டேன். ஒருவர் பேசும்போது நடுவில் கத்தாமல், சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். சம்மதமில்லை என்றால் கைகளைத் தாழ்த்தி ஆட்ட வேண்டும். ஓட்டப்பிடாரத்துச் சண்முகவேல் எலக்ட்ரீஷியன், எதையும் கழற்றிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதவர். "காக்கா வெரட்டுத மாதிரில்லா இருக்கு" என்றார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை ஆட்டினார்கள். சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று ஏதோ ஆட்டம் நடக்கிறதென்று நின்று வீடியோ எடுத்தது. அந்த வித்தையை அத்தோடு மூட்டை கட்டினேன்.

உருப்படியாக நடந்தது இரண்டு. முதலாவது, மூன்று குழுக்களுக்கும் பொதுவாகப் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு. தேதியை மாற்றினால் அதில் போட்டுவிட வேண்டும், அதைச் சொல்லிக் காட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று குழுக்களும் ஓடைக்கு வருவது. மாரியப்பன் தன் ஆட்களுக்கு லீவு கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

அப்போது செல்வி கேட்டார்: "ஞாயித்துக்கெழமைக்கு முன்னாலயே மழ பிடிச்சுட்டா?"

அங்கேதான் சிக்கியது. ஒவ்வொரு குழுவும் தனியாகக் கூடி எல்லோருடைய சம்மதத்தையும் வாங்காமல் நகராது. அது அவர்களுடைய உயிர்க்கொள்கை. மூன்று குழுவும் கூடிப் பேசி முடிப்பதற்குள் உளுந்து மக்கி உரமாகிவிடும். அவசரத்துக்கு ஒருவரைப் பொறுப்பாகப் போட்டால் என்ன என்று ஒரு பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவசரத்துக்கு வந்த ஆள் அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டான் என்றார்கள். அதுவும் வாஸ்தவம்தான். பேச்சு வட்டமடித்தது. எனக்குப் பசித்தது.

அதுவரை வாயைத் திறக்காத மாரியப்பன் பேசினார்.

"கல்யாணத்துக்குத் தேதி சொல்லி, வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டாத்தான் போவோம். துட்டிக்கு யாரு கூப்புடுதா? இன்னார் வீட்டுல இப்படி ஆயிப்போச்சுன்னு காதுல விழுந்தாப் போதும், போட்டது போட்டபடி கெளம்பிருதோம்லா. அந்த வீட்டுக்காரன் எனக்கு உத்தரவு போட்டுட்டான்னு எவனாவது சொல்லுதானா? ஞாயித்துக்கெழம வேலை கல்யாணம். மழ முந்திக்கிச்சுன்னா அது துட்டி. அவ்வளவுதான்."

துட்டி என்றால் இந்தப் பக்கத்தில் சாவு வீடு. பினாங்கிலும் நாங்கள் அப்படித்தான் போகிறோம். பகையாளி வீடானாலும் சாவுக்குச் சொல்லிவிட வேண்டியதில்லை. இத்தனை வருஷமாகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்தியும் எனக்கு அது தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

சண்முகவேல் விடவில்லை. "எது கல்யாணம், எது துட்டின்னு யாரு முடிவு பண்ணுறது? நாளைக்கு ஒருத்தன் அவன் வீட்டு வாய்க்கா அடச்சிருக்குன்னு துட்டி சொல்லுவான். நான் குறுக்க நிக்கல, ஆனா எனக்குச் சம்மதம் இல்ல" என்றார். அப்படியே விட்டுவிட்டுக் கலைந்தோம்.

வியாழக்கிழமை வேலை இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். பினாங்குக்கு எவ்வளவு கொண்டுபோக முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகிறபோது லாட்ஜ் ஜன்னலில் அடித்துக்கொண்டு மழை. எங்கள் ஊர் மழைக்கு ஒரு நிதானம் உண்டு, தினமும் வருவதுதானே. இது பல நாள் பாக்கியை ஒரே தடவையில் தீர்க்க வந்த மழை. செல்வி அந்தப் பொதுக் குழுவில் எழுதியிருந்தார்: "முத்துலட்சுமி அக்கா உளுந்துல தண்ணி ஏறுது. பைப்பு அடச்சிருக்கு." அவ்வளவுதான். வாருங்கள் என்று எழுதவில்லை. அதற்குக் கீழே யாரும் ஒரு பதிலும் போடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று நான்கு கோவில்பட்டிக்காரர்களோடு நின்றார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி" என்றார். பஸ் எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் வண்டி போகாது. ஒரு பால்காரர் பைக்கின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் அடைத்து, சக்கரம் சுற்றாமல் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு கிலோ மண் ஏறியது. நான் இரண்டு தடவை விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை, அந்த அவசரத்தில் அதற்கும் நேரமில்லை.

ஓடைக்கரையில் முத்துலட்சுமி மம்பட்டியோடு நின்றார். பைப்பு வாயில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆள் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். சண்முகவேல்.

"சம்மதமில்லை என்றீர்களே" என்றேன்.

"இப்பவும் சம்மதம் இல்ல. காதுல விழுந்துச்சு, வந்தேன். அந்த மண்ணுச் சட்டிய எடுங்க."

நான் சட்டியை எடுத்தேன். சண்முகவேலின் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பிறகு மேற்கே வரப்பில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் கிளம்பிய மாரியப்பனும் அவருடைய ஆட்களும் தோளில் மம்பட்டியும் கம்பியுமாக வந்தார்கள். செல்வி அவர்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார், தெரிந்தது.

யாரும் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கவில்லை. மண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் முத்துலட்சுமியிடம் கேட்டுக்கொண்டார்கள். போன வருஷம் அதைக் கேட்கவில்லை. பத்து மணி சுமாருக்கு முதல் பைப்பு திறந்தது. உள்ளே அடைத்திருந்த முள்ளும் சேறும் திரண்டு மறுபக்கம் போய் விழுந்தன, பின்னாலேயே தண்ணீர் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் எல்லா பைப்பும் திறந்தாகிவிட்டது. காட்டில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. தாழ்ந்த பக்கம் இருந்த உளுந்து போனது போனதுதான். மேட்டுப் பக்கம் முழுக்கத் தலை தெரிந்தது.

முத்துலட்சுமியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, கரையில் வந்து உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் நீட்டினார், தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னார். செல்வி என் காதில் சொன்னார்: "புரோக்கரு. 'உளுந்து எடுக்கணும், வேல கெடக்குன்னு சொல்லு'ங்காவ." வீட்டுக்காரர் அப்படியே சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதற்குள் சண்முகவேல் புதன்கிழமைப் பேச்சை முத்துலட்சுமிக்கு விளக்கிவிட்டார். மழை முந்திக்கொண்டால் அதைத் துட்டியாக வைத்துக்கொள்வது, கேள்விப்பட்டவர் கிளம்பிவிடுவது. சம்மதம் தராதவர்தான், ஆனாலும் விளக்கம் அவருடையதுதான் தெளிவாக இருந்தது. முத்துலட்சுமிக்கு முகம் கறுத்துப்போனது.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் அந்த வாசலுக்கு மறுபடியும் அப்படி ஒரு காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்று பயம். மாரியப்பன் ஆட்கள் ஓடையில் கைகாலைக் கழுவிக்கொண்டு, மம்பட்டியைத் தோளில் போட்டு, பேசாமல் வரப்பில் ஏறினார்கள். ஓட்டப்பிடாரத்துக்காரர்களும் அப்படியே. நாங்களும் திரும்பினோம்.

முத்துலட்சுமி சேற்றில் வேகமாக நடந்து வந்து எல்லோருக்கும் முன்னால் வரப்பை மறித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் நில்லுங்க. சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இங்கன என்ன செத்தா போச்சு? பயிரு நிக்குது. சொல்லிட்டுப் போங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் என்று தெரியாமல் நின்றார்கள். மாரியப்பன்தான் தோளிலிருந்த மம்பட்டியை இறக்கிக் கீழே ஊன்றினார்.

"போய்ட்டு வாரோம்மா."

"வாங்க" என்றார் முத்துலட்சுமி.

சண்முகவேல் சொன்னார். அவருக்கும் வாங்க என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். ஒருவரையும் விடாமல் அவர் பதில் சொன்னார். செல்விக்குக் கன்னத்தில் சேறு படியத் தடவிக் கொடுத்தார்.

கடைசியாக நான் நின்றேன். என் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

"போய்ட்டு வாரேன்" என்றேன்.

"வாங்க அண்ணாச்சி" என்று வழிவிட்டார்.